சுகந்தியை முந்திய நாள்

1

பெப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பதினாறு மைல் ஓடிவிட்டு வந்து, தெற்கு லண்டனில், ஸ்ட்ரெதத்தில் எங்கள் வீட்டுக் குளியல் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து, கால்களைக் குளிர்ந்த தண்ணீரில் வைத்திருந்தேன். கைப்பேசி அடித்தது. வடக்கு லண்டன் எட்மண்டனிலிருந்து சாந்தி அக்கா.

சாந்தி அக்கா என் கூடப்பிறந்தவர் அல்ல. யாழ்ப்பாணத்தில் என்னோடு படித்த, என்னோடு ஓடிய சுகந்தியின் அக்கா. சுகந்தி இறந்து முப்பது வருடங்களுக்கு மேலாகிறது. அவர்களுடைய அம்மா கடைசிக் காலத்தில் எட்மண்டனில் சாந்தி அக்காவோடு இருந்தார். அவர் காலமாகிப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது.

"பிள்ளை, சாப்பிட்டியோ?"

"இனித்தான் அக்கா."

"ஓடிட்டு வந்தனியோ? உனக்கு இந்த வயசிலை உந்த ஓட்டம். சரி, நான் எடுத்தது என்னெண்டால், முப்பத்தோராம் நாளுக்கு அம்மாவின்ரை நினைவு மலர் அடிக்கக் குடுக்கவேணும். அதிலை தங்கச்சிக்கும் ஒரு பக்கம் வைப்பம் எண்டு யோசிச்சனான். அம்மா கடைசிவரைக்கும் அவளைத்தானே கதைச்சுக்கொண்டிருந்தவா. அந்தப் பக்கத்தை நீதான் எழுதவேணும். கடைசியா அவளோடை நிண்டது நீதானே."

தண்ணீரில் என் பெருவிரல் நகம் கறுத்துப்போயிருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பெரிசா ஒண்டும் வேண்டாம்" என்றார் அக்கா. "அண்டைக்கு என்ன நடந்தது, அவள் எப்பிடி ஓடினவள், அவ்வளவுதான். அம்மாவுக்கு நீ சொன்னதையே எழுது. அம்மாவின்ரை புத்தகம்தானே."

"சரி அக்கா" என்றேன்.

அம்மாவுக்கு நான் சொன்னது பொய். அன்றுவரை அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

2

நான் ஓடத் தொடங்கியது நாற்பத்தேழு வயதில். எனக்கு ஒரு மருந்துக்கடையில் மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலை. நாள் முழுவதும் மற்றவர்களின் நீரிழிவு மாத்திரைகளைப் பைகளில் போட்டுக் கொடுத்த எனக்கே, இரத்தச் சீனி எல்லையில் வந்து நிற்கிறது என்று குடும்ப வைத்தியரின் சேர்ஜரியில் நேர்ஸ் சொன்னார். நடக்கலாம், நீந்தலாம், ஓடலாம் என்று ஒரு தாளைத் தந்தார். நீச்சல் உடை போட வெட்கம். நடை அலுப்பு. ஓடிப் பார்ப்போம் என்று நினைத்தேன். ஊரில் ஒரு காலத்தில் ஓடியவள்தானே.

என் கணவர் பேருந்து ஓட்டுபவர். புதுச் சப்பாத்தைப் பார்த்துவிட்டு, "ஊரிலை ஓடினது காணாதெண்டோ இஞ்சையும் ஓடப்போறாய்?" என்று கேட்டார். பகிடிக்குத்தான் கேட்டார். நானும் சிரித்தேன்.

முதல் வாரம் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. ஸ்ட்ரெதம் கொமன் பூங்காவின் ஏற்றத்தில் ஒரு நாய்கூட என்னை முந்திக்கொண்டு போனது. ஆறாவது வாரம் நிற்காமல் இருபது நிமிடம் ஓடினேன். அன்றுதான் முதன்முதலாக அது கேட்டது.

எனக்கு இடப்பக்கம், சற்றுப் பின்னால், இன்னொருவர் ஓடிவரும் சத்தம். குறுகிய, வேகமான அடிகள். குதிக்கால் நிலத்தில் படாத ஓட்டம். வழிவிடலாம் என்று ஒதுங்கித் திரும்பிப் பார்த்தேன். ஈரமான பாதையும் மரங்களும்தான் இருந்தன. தூரத்தில் ஒரு பெண் குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள்.

அந்த அடிகளை எனக்குத் தெரியும். பள்ளிக்கூட மைதானத்தில் மூன்று வருடம் அந்தக் கால்களுக்குப் பின்னால் ஓடியிருக்கிறேன். எண்ணூறு மீற்றர் ஓட்டத்தில் சுகந்தி முதலாவது, நான் இரண்டாவது. மூன்று வருடமும் அப்படித்தான். அவள் ஓடும்போதே கதைப்பாள். மற்றவர்கள் மூச்சு வாங்க, அவள் பின்னால் திரும்பி, "பின்னேரம் ரியூசனுக்கு வருவியே?" என்று கேட்பாள். அவளோடு எனக்குக் கோபமே வந்ததில்லை என்று எல்லோரும் நினைத்தார்கள். இரண்டாவதாக வருகிறவளுக்குக் கோபம் வராது என்று எப்படித்தான் நினைத்தார்களோ.

அதன் பிறகு காதில் பாட்டுப் போட்டுக்கொண்டு ஓடினேன். சனிக்கிழமைகளில் பூங்காவில் ஐந்து கிலோமீற்றர். ஒரு வருடம் கழித்துப் பத்து. பத்துக் கிலோமீற்றர்ப் போட்டியின் முடிவில் ஒரு பதக்கத்தைக் கழுத்தில் போட்டுவிட்டார்கள். இங்கே கடைசியாக வருபவருக்கும் பதக்கம் உண்டு. வீட்டுக்கு வந்து அதை உடுப்பு அலமாரியின் அடித்தட்டில் வைத்தேன்.

ஒருநாள் ஓட்டத்தின் நடுவில் காதிலிருந்த கருவியில் சார்ஜ் தீர்ந்து பாட்டு நின்றது. உடனே அந்த அடிகள் கேட்டன. பாட்டுக்குப் பின்னால் அவ்வளவு நாளும் அவை வந்துகொண்டேதான் இருந்தன போல. அன்றிலிருந்து பாட்டுப் போடுவதில்லை. பயம் போய்விட்டதால் அல்ல. அவள் வருகிற ஒரே இடம் அதுதான் என்று தோன்றியது.

3

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

உயர்தரப் பரீட்சைக்கு ஆறு மாதம் இருந்தது. பின்னேர ரியூசன் வகுப்பு. குண்டுவீச்சு விமானம் வரும் சத்தம் கேட்டதும் மாஸ்ரர் எங்களை வெளியேறச் சொன்னார். வகுப்பில் பதுங்குகுழி இல்லை; வீதியின் மறுமுனையில், வாசிகசாலைக்குப் பின்னால்தான் இருந்தது. எல்லோரும் ஓடினோம். வழக்கம்போல் சுகந்தி எல்லோருக்கும் முன்னால். பத்தடி பின்னால் நான்.

வீதியின் நடுவில் ஒரு மதகு. அதன் ஓரம் இடிந்திருந்தது. சுகந்தியின் கால் அந்தப் பள்ளத்தில் போய் மடங்கியது. விழுந்தாள். விழுந்ததை நான் பார்த்தேன். அவளுக்குப் பக்கத்தால் ஓடி, அவளைக் கடந்து போனேன்.

"நில்லடி, நானும் வாறன்" என்றாள்.

நான் நிற்கவில்லை. அடுத்த தடவை என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அதுவும் கேட்டது. வாசிகசாலை மதிலைத் தாண்டிப் பதுங்குகுழிக்குள் குதித்தேன். பிறகு நிலம் ஆடியது. வாயெல்லாம் மண். மற்றவர்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்து விழுந்தார்கள். அவர்கள் பக்கத்துச் சிறு ஒழுங்கையால் சுற்றி வந்தவர்கள்; மதகடியில் நடந்ததைப் பார்க்காதவர்கள். கடைசியாக வந்தவனுக்குப் பின்னால் ஒருவரும் வரவில்லை.

அன்று பொழுதுபட ஆஸ்பத்திரி விறாந்தையில் சுகந்தியின் அம்மா என் இரண்டு தோள்களையும் பிடித்துக்கொண்டு கேட்டார்: "எல்லாரையும்விட வேகமா ஓடுறவள், எப்பிடிப் பிள்ளை அவள் மட்டும் தப்பேல்லை?"

"அவள் முன்னுக்கு ஓடினவள் அம்மா" என்றேன். "குண்டு முன்னுக்குத்தான் விழுந்தது. நான் பின்னுக்கு வந்தபடியாலை தப்பிட்டன்."

யோசித்துச் சொன்ன பொய் அல்ல. அவர் கேட்ட கேள்விக்குள்ளேயே அந்தப் பதில் இருந்தது. அவருடைய முகம் கொஞ்சம் தளர்ந்ததையும் பார்த்தேன். அதற்குப் பிறகு அதை எப்படித் திரும்பப் பெறுவது?

4

இந்த வருடத்துக்கு முன் உண்மையை ஒரே ஒரு முறைதான் சொல்லியிருந்தேன். லண்டனுக்கு வந்த புதிதில், அகதி விண்ணப்பத்துக்கான நேர்காணலில். மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு அதிகாரி. பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர், தமிழ்நாட்டுக்காரர், நல்ல மனிதர். ஊரில் உங்களுக்கு நேர்ந்தவற்றைச் சொல்லுங்கள் என்றார்கள். எனக்கு வேறு எதுவும் வாயில் வரவில்லை. "நானும் சிநேகிதியும் ஓடினனாங்கள். நான் வந்திட்டன். அவள் அங்கை நிண்டிட்டாள்" என்றேன்.

மொழிபெயர்ப்பாளர் அதை ஆங்கிலத்தில் சொன்னார். அதிகாரி எழுதினார். பிறகு மொழிபெயர்ப்பாளர் என் பக்கம் திரும்பி, "உங்க தோழி அங்கேயே தங்கிட முடிவு செஞ்சாங்க, சரிங்களா? இப்பவும் அங்கேதான் இருக்காங்களான்னு கேட்கிறாங்க" என்றார்.

திருத்துவதற்கு எனக்கு அப்போது ஆங்கிலம் போதாது, தைரியமும் போதாது. "ஓம்" என்றேன். அவர் சற்றுத் தயங்கி, "ஓம்னா ஆமாதானே?" என்று கேட்டார். தலையாட்டினேன். இந்த நாட்டின் ஏதோ ஒரு அலுவலகக் கோப்பில் சுகந்தி இன்னும் யாழ்ப்பாணத்தில் இருக்கிறாள்.

சில வருடங்களின் பின் சாந்தி அக்காவும், அவருக்குப் பிறகு அவர்களின் அம்மாவும் லண்டன் வந்து சேர்ந்தார்கள். ஒவ்வொரு வருடமும் சுகந்தியின் திவசத்துக்கு என்னைக் கூப்பிடுவார்கள். தெற்கு லண்டனிலிருந்து எட்மண்டனுக்கு ரயில் மாறி, பஸ் மாறிப் போவேன். அம்மா எனக்குத் தன் கையால் பரிமாறுவார். வந்திருப்பவர்களிடம், "என்ரை பிள்ளை முன்னுக்கு ஓடினவள். இவள் பின்னாலை வந்தபடியாலை தப்பினவள். ஒண்டாவது தப்பிச்சுதே" என்பார். நான் இலையைப் பார்த்துக்கொண்டு இருப்பேன். பாயசம் வேண்டாம் என்றால் விடமாட்டார்.

5

சாந்தி அக்கா கேட்ட பக்கத்தை எழுத நாலு முறை உட்கார்ந்தேன். 'சுகந்தி முன்னால் ஓடினாள்' என்ற வசனத்தைத் தாண்டி என் கை போகவில்லை. வாயால் சொன்ன பொய்க்கும் அச்சில் வரும் பொய்க்கும் இவ்வளவு வித்தியாசம் இருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

மார்ச் தொடக்கத்தில் ஒரு அரை மரதன். ஏப்ரலில் முழு மரதனுக்குப் பெயர் கொடுத்திருந்ததால் அதற்கு முன்னோட்டமாக அதைப் பதிந்திருந்தேன். மகள் ஆரணி பார்க்க வந்திருந்தாள். அவளுக்கு இருபத்திரண்டு வயது. வேலை, தனி வீடு, எனக்குத் தெரியாத நண்பர்கள். என் ஓட்டம்தான் எங்கள் இருவருக்கும் மிஞ்சியிருந்த ஒரு பேச்சு. "அம்மா, யுவர் பேஸ் இஸ் ஸோ குட்" என்று என் ஓட்ட வேகத்தைப் பாராட்டிச் செய்தி அனுப்புவாள். நானும் ஒரு படம் அனுப்புவேன்.

பதினோராவது மைலில், எனக்குப் பின்னால் ஒரு இளம் பெண் தன் தோழியைக் கூப்பிட்டாள். ஆங்கிலத்தில், நில், நானும் வருகிறேன் என்று. சிரித்துக்கொண்டுதான் கூப்பிட்டாள்.

நான் நின்றுவிட்டேன். ஓடும் கூட்டத்தின் நடுவில் அப்படியே. பின்னால் வந்த ஒருவர் என் முதுகில் மோதி, மன்னிப்புக் கேட்டுவிட்டு ஓடினார். இன்னொருவர் திட்டினார். காலை எடு என்று மூளை சொன்னது, கால்கள் கேட்கவில்லை. மஞ்சள் மேலங்கி போட்ட ஒரு தொண்டர் கையைப் பிடித்து ஓரத்துக்குக் கூட்டிப்போய், தகடு போன்ற போர்வையால் மூடினார். பெயர் கேட்டார். 'சுகந்தி' என்றேன். அவர் என் நெஞ்சில் குத்தியிருந்த இலக்கத்தைத் தன் பட்டியலில் பார்த்தார். பெயர் பொருந்தவில்லை. எனக்கு மயக்கம் என்று முடிவு செய்து முதலுதவிக் கூடாரத்துக்கு அனுப்பினார்.

ஆரணி ஓடி வந்தாள். "அம்மா, வட் ஹப்பன்ட்? முழங்காலா?"

முழங்கால் என்றுதான் சொல்ல நினைத்தேன். ஆனால் அந்தக் கூடாரத்தில், பிளாஸ்ரிக் கதிரையில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். தமிழில்தான் சொல்ல முடிந்தது. மதகு, பதுங்குகுழி என்ற சொற்கள் அவளுக்குத் தெரியாது. கையால் காட்டினேன். அவள் கடைசிவரை கேட்டாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, நான் அப்போது குழந்தை என்றும், என் தவறு எதுவும் இல்லை என்றும், இதைப் பற்றிப் பேசுவதற்குப் பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள் என்றும் ஆங்கிலத்தில் சொன்னாள். அத்தனையும் சரியான வார்த்தைகள். சேர்ஜரியில் தரும் தாளில் இருப்பவை போல இருந்தன. அவள் முகம்தான் எனக்கு ஆறுதலாக இருந்தது.

எழும்பும்போது தமிழில் கேட்டாள். "சாந்தி அன்ரிக்குச் சொன்னீங்களா?"

"இல்லை."

"சொல்லுங்கோ அம்மா."

6

அடுத்த வெள்ளிக்கிழமை வேலைக்கு லீவு சொல்லிவிட்டு எட்மண்டனுக்குப் போனேன். சாந்தி அக்காவின் கூடத்து மேசையில் மலருக்கான படங்கள் பரவிக் கிடந்தன. சுகந்தி வெற்றிக் கிண்ணத்தோடு நிற்கும் படமும் இருந்தது. அந்தப் படத்தின் ஓரத்தில் என் தோள் தெரிகிறது, என்னை வெட்டிவிட்டார்கள்.

தேநீர் தந்தார். "கொண்டு வந்தனியோ?"

"இல்லை அக்கா. எழுத ஏலாமல் கிடக்கு. நான் அம்மாவுக்குச் சொன்னது பொய்."

அவர் படங்களை அடுக்குவதை நிறுத்தினார். நான் சொன்னேன். மதகு, அவளுடைய கால், நான் கடந்து போனது. சொல்லி முடித்தபோது தேநீரில் ஆடை படிந்திருந்தது.

சுகந்தியின் படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டார்: "என்னெண்டு கூப்பிட்டவள்?"

"நில்லடி, நானும் வாறன் எண்டு."

"அழுதவளோ?"

"இல்லை அக்கா. ரியூசனுக்குப் போகேக்கை கூப்பிடுற மாதிரித்தான்."

"நாங்கள் அவள் ஒண்டும் கதைக்காமல் போனவள் எண்டெல்லோ நினைச்சுக்கொண்டிருந்தனாங்கள்" என்றார். அந்த வசனத்தைத் தனக்குள் சொல்லிப் பார்ப்பது போல அவருடைய உதடுகள் அசைந்தன. பிறகு என்னைப் பார்த்தார். "ஏன் நிக்கேல்லை?"

"பயம் அக்கா."

"பயம் மட்டுமோ?"

அவர் அதை ஏன் கேட்டார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆம் என்று சொல்லியிருக்கலாம். அதோடு முடிந்திருக்கும்.

"அவளைக் கடந்து போகேக்கை" என்றேன், "முந்திட்டன் எண்டு ஒரு நினைப்பு வந்தது. ஒரு செக்கன்தான். ஆனால் வந்தது."

சாந்தி அக்கா எழுந்து போய்ச் சமையலறைக் குழாயைத் திறந்தார். அது ஓடிக்கொண்டே இருந்தது. திரும்பி வராமலே அங்கிருந்து சொன்னார்.

"நீ இப்ப போ, பிள்ளை."

7

முப்பத்தோராம் நாளுக்கு என்னை அழைக்கவில்லை. இரண்டு வாரம் கழித்து மலர் தபாலில் வந்தது. கடிதம் எதுவும் இல்லை. அம்மாவின் வாழ்க்கை வரலாற்றில் சுகந்தியின் பெயர் இரண்டு இடத்தில் வந்தது. அவளுக்கென்று பக்கம் இல்லை.

அந்த வாரங்களில் என் பின்னால் அடிகள் கேட்கவில்லை. நிம்மதியாக இருந்திருக்கவேண்டும். நான் கொமனைச் சுற்றி ஓடும்போது இடையிடையே நின்று காதைக் கொடுத்துப் பார்த்தேன். ட்ரெயின் சத்தம், காகம், என் சொந்த மூச்சு. சொன்னதால் போய்விட்டாளா, அல்லது சொன்னது பிடிக்காமல் போனாளா என்று யோசித்தேன். ஐம்பது வயது தாண்டிய ஒரு பெண் லண்டன் பூங்காவில் நின்று, இறந்தவளின் கோபத்தைப் பற்றி யோசிக்கிறாள். யாரிடம் சொல்வது?

ஏப்ரலில் மரதன் ஓடினேன். தொலைக்காட்சியில் காட்டும் பெரிய மரதனுக்கு நாலு வருடமாகக் குலுக்கலில் என் பெயர் விழவில்லை. இது தேம்ஸ் கரையோரம் சில நூறு பேர் ஓடும் சின்னப் போட்டி. பதினெட்டாவது மைல்வரை கடிகாரத்தைப் பார்த்து ஓடினேன். இருபதாவது மைலில் தொடைகள் மரமாகி நடக்கத் தொடங்கினேன். பாதையில் முன்னாலும் ஒருவரும் இல்லை, பின்னாலும் ஒருவரும் இல்லை. ஆற்றில் துடுப்புப் போடும் பிள்ளைகளின் சத்தம் மட்டும்.

அங்கே அடிகள் திரும்பி வந்தன. அதே இடப்பக்கம். ஆனால் ஓட்டம் இல்லை, நடை. ஒரு காலை இழுத்து இழுத்து நடக்கும் சத்தம்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. என் வேகத்தைக் குறைத்தேன். அதற்கும் குறைத்தேன். மிச்ச ஆறு மைலையும் அப்படியேதான் போனேன். ஆறு மணித்தியாலத்துக்கு மேலாகிவிட்டது. முடிவுக் கோட்டில் நின்றவர்கள் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஆரணி என்னைக் கட்டிப்பிடித்து, கடைசியில் ஏன் அவ்வளவு மெதுவாக வந்தேன் என்று கேட்டாள். கால் ஏலவில்லை என்றேன். யாருடைய கால் என்று அவள் கேட்கவில்லை.

8

மே மாதக் கடைசியில் சாந்தி அக்கா அழைத்தார். சுகம் விசாரிக்கவில்லை.

"ஓகஸ்டிலை நான் ஊருக்குப் போறன். அம்மாவின்ரை சாம்பலிலை கொஞ்சம் கீரிமலையிலை கரைக்கவேணும். நீயும் வா."

"நானோ அக்கா?"

"அந்த வீதியை எனக்குக் காட்டு. எங்கை விழுந்தவள், எங்கை விட்டிட்டுப் போனனி, எல்லாத்தையும். நடந்து காட்டு."

"இப்ப அந்த வீதியை அகட்டிப் போட்டாங்களாம் அக்கா. மதகு இருக்குமோ தெரியாது."

"உனக்கு இடம் தெரியும்தானே?"

"ஓம்."

"பிறகென்ன."

அவர் என்னை மன்னித்துவிட்டார் என்று நான் நினைக்கவில்லை. அவருடைய குரலில் அப்படி ஒன்றும் இல்லை. நானும் கேட்கவில்லை.

எங்கள் இருவருக்கும் இப்போது பிரித்தானியக் கடவுச்சீட்டு. பிறந்த ஊருக்குப் போக, இணையத்தில் படிவம் நிரப்பி அனுமதி வாங்கவேண்டும். போன சனிக்கிழமை உட்கார்ந்து நிரப்பினேன். பிறந்த இடம் என்ற கட்டத்தை எளிதாக நிரப்பினேன். வருகையின் நோக்கம் என்ற கட்டத்தில் நின்றுவிட்டேன். அவர்கள் தந்த பட்டியலிலிருந்து ஒன்றைத்தான் தெரிவு செய்யலாம். சொந்தமாக எழுத இடமில்லை. பட்டியலை மேலும் கீழும் பலமுறை தள்ளிப் பார்த்தேன்.

பின்னேரம் சாந்தி அக்கா அழைத்தார்.

"ஃபோம் நிரப்பிட்டியோ?"

"ஓம் அக்கா."

"என்னத்துக்குப் போறியள் எண்டு கேட்டுக் கிடக்கு. நீ என்ன போட்டனி?"

"உல்லாசப் பயணம் எண்டு."



"நானும் அதைத்தான் போட்டனான்" என்றார்.